உப்புப் போட்ட கஞ்சி

சேலத்துக்கு மேற்கே செங்கரடு என்று ஒரு குன்று இருக்கிறதே, அதன் வயிற்றுக்குள் செத்துப்போன ஆம்பிளைகள் ஏழு பேர், அமாவாசையும் மாட்டுப் பொங்கலும் தவிர ஒருநாள் விடாமல், பதினோரு வருஷம் கல் உடைத்தார்கள். டவுனில் படித்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன. செங்கரட்டுப்பாளையத்தில் யாரும் சிரிக்கவுமில்லை, மூக்கில் விரலை வைக்கவுமில்லை. விடிந்தால் அந்த ஏழு பேருக்கும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் வைக்கிற வேலை அவர்களுக்கு இருந்தது.

அந்த ஏழு பேரில் ஒருத்தன் சடையன், அவன் பெண்சாதி நல்லாயி. சடையனின் சம்மட்டியை அவள் ஆயிரம் சம்மட்டிக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடுவாள். இரண்டு அடி அடிப்பான், ஒரு மூச்சு நிறுத்துவான், அப்புறம் ஒற்றை அடி. கல் எந்தப் பக்கம் வாய் பிளக்கும் என்று பார்க்கத்தான் அந்த நிறுத்தம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். கல்யாணம் ஆன புதிதில் கரடு முழுக்க நாற்பது பேர் உடைத்துக்கொண்டிருக்கும்போது, கீழே கரி மூட்டம் போட்டுக்கொண்டு நின்ற நல்லாயி இரண்டு அடியைக் கேட்டதும் நிமிர்வாள், மூன்றாவது அடி விழுந்த பிறகுதான் குனிவாள். பக்கத்தில் நிற்கிற பாவாயி, "ஏன்டி, அவன் கல்லை அடிக்கிறானா, உன் இடுப்பை அடிக்கிறானா?" என்று கேட்டுக் கேட்டே மானத்தை வாங்குவாள்.

இந்தக் கதைக்கெல்லாம் வேர் அருணகிரி முதலியார். கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வைத்து நொடித்துப்போன இரும்பாலை ஒன்றில் அவர் அப்பா துபாஷியாக இருந்தார். அப்பா பேச்சை மொழிபெயர்த்துக்கொண்டிருக்க, மகன் உலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தார். இருபத்தாறு வயசில், புதுப் பெண்டாட்டியைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு, மூன்று வண்டி நெருப்புச் செங்கல்லோடு செங்கரட்டுக்கு வந்து இறங்கினார். வந்த அன்றைக்கே கரட்டில் ஏறி, ஒரு கல்லைப் பொறுக்கி, வேட்டி முனையில் துடைத்து, நாக்கால் நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, "பாதிக்கு மேலே இரும்பு," என்றார். கீழே வந்த பிற்பாடும் எந்தக் கல்லைக் கொடுத்தாலும் நக்கிவிட்டுத்தான் பேசுவார். ஊர்க்காரர்கள் இடுப்பு உயரத்துக்கு மண் உலை கட்டி, ஆட்டுத்தோல் துருத்தியை அமுக்கி, ஒரு நாளைக்கு ஒரு கட்டி இரும்பு எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. முதலியார் இருபத்தெட்டு அடிக்கு உலை கட்டுவேன் என்றார். நம்ம ஆட்களில் அப்படி ஒன்றை அந்தச் சீமையில் அதுவரை யாரும் கட்டினதில்லை.

அந்த உலைக்கு ஒரு குணம் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி பற்ற வைக்கலாம், அந்த உலையை அணைக்கக் கூடாது. மேலே கல்லும் கரியும் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கீழே மாடுகள் செக்குப்போலச் சுற்றித் துருத்தியை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் பட்டினி போட்டால் போச்சு, உள்ளே கொதிக்கிற குழம்பு உறைந்து, உலை முழுக்க ஒற்றைக் கட்டியாகிவிடும். அப்புறம் வெடி வைத்தாலும் வெளியே வராது. முதலியாருக்கு இரண்டு உலை அப்படி உறைந்தது. முதல் உலை மழையில் போயிற்று, இரண்டாவது மாட்டுக்கு வந்த கோமாரியில் போயிற்று. இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைக் கட்டி முடித்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயசு. அதற்குத் தீ வைத்த வாரம் கடற்கரையிலிருந்து கடுதாசி வந்தது, பெண்டாட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று. படித்தார், மடித்து இடுப்பில் செருகினார், "இன்னிக்கு எத்தனை கூடை கரி ஏத்தினீங்க?" என்று கேட்டார். கல்நெஞ்சக்காரர் என்று சொல்லாதீர்கள். கேட்டுவிட்டு உலைக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றதை நல்லாயி பார்த்திருக்கிறாள்.

தீ வைத்த ஒன்பதாம் நாள் காலை சுரங்க வாய் இடிந்து விழுந்தது. உள்ளே ஏழு பேர். நல்லாயிக்கு அப்போது ஏழு மாசம்.

ஊரே ஓடிப்போய் நின்றது. பெண்கள் கையாலேயே கல்லைப் புரட்டினார்கள், நகம் பெயர்ந்தது. முதலியார் வந்து, மண்ணைப் பார்த்து, மேலே கரட்டைப் பார்த்து, உலையைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் சரியும். இப்பத் தோண்டினா தோண்டுறவனும் போயிருவான். மூணு நாள் பொறுங்க, மண் அமரட்டும். கல் மூணு நாளைக்குக் கையிருப்பு இருக்கு, ஒருதரம் இரும்பை இறக்கிட்டு அத்தனை பேரும் வந்து தோண்டுவோம்," என்றார். பெரிய மனுஷன், படித்தவர், கல்லின் ருசி தெரிந்தவர் சொல்கிறார். ஆம்பிளைகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு துருத்திக்குத் திரும்பினார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் நல்லாயி அவர் காலில் விழுந்தாள். "சாமி, ஒருக்கா காது வச்சாச்சும் கேட்டுட்டு வாங்க சாமி. உசுரு இருந்தா தட்டுவாரு, அவரு சும்மா கிடக்கிற ஆளில்லீங்க." முதலியார் தனியாக ஏறிப்போனார், இடிந்த பாறையில் காதை வைத்தார், ரொம்ப நேரம் வைத்திருந்தார். துருத்திச் சத்தத்தில் கீழே இருப்பவர்களுக்கு லேசான தட்டல் எதுவும் கேட்காது. இறங்கி வந்து, "ஒண்ணும் இல்ல, புள்ள," என்றார்.

நாலாம் நாள் தோண்டினார்கள். ஐந்தாறு நாள் விடாமல் தோண்டினார்கள். கல்தான் வந்தது, அதையும் உலைக்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

பத்தாம் நாள் கரட்டடியில் கருமாதிக்குக் கூடினார்கள். ஏழு பெண்களையும் வரிசையாக உட்கார்த்தி, மஞ்சள் பூசி, பூ வைத்து, கடைசியாக வளையல் அடுக்கி, தாலியில் கைவைக்கப் போகிற நேரம், கரட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஒரு சம்மட்டி. அப்புறம் இன்னொன்று. எண்ணிப் பார்த்தார்கள், ஏழு. அதில் ஒன்று இரண்டு அடி அடித்து, மூச்சு நிறுத்தி, ஒற்றை அடி அடித்தது. நல்லாயி தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சடங்கு செய்ய வந்த பண்டாரம் வயிற்றுவலிக்காரர், எதற்கும் பதறமாட்டார். "பத்தாம் நாளில்ல, வாய்க்கு எதாச்சும் கேட்டு வந்திருக்காங்க. உப்பில்லாம கஞ்சி வச்சு அனுப்பிருங்க. உப்பு நாக்குல பட்டா, செத்ததே அவங்களுக்கு மறந்து போயிரும்," என்றார். ஊருக்கெல்லாம் தெரிந்த முறைதான் அது. செத்தவர்களுக்குப் படைப்பது உப்பில்லாமல், உயிரோடு இருப்பவர்களுக்குச் சமைப்பது உப்போடு.

நல்லாயி கேட்டாளா? வயிற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள், கஞ்சி காய்ச்சினாள், கை நிறைய உப்பை அள்ளிப் போட்டாள். "என் புருஷன் வேலைக்குப் போயிருக்கான். வேலைக்குப் போறவனுக்கு எவடி உப்பில்லாம கஞ்சி ஊத்துவா?" என்று கத்தினாள். அவள் போட்டதைப் பார்த்து மற்ற ஆறு பேரும் போட்டார்கள். ஏழு பானையையும் இடிந்த வாயில் வைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தால் ஏழு பானையும் காலி, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நல்ல இரும்புக்கல் குவிந்து கிடந்தது. முதலியார் ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தார். "முக்கால் பங்குக்கு மேலே," என்றார், கல் கையிலிருந்து நழுவி விழுந்தது.

அப்புறம் அவர்களை வெளியே எடுக்கத் தோண்டாமலா விட்டார்கள்? ஒரு மாசம் தோண்டினார்கள். தோண்டத் தோண்டச் சத்தம் அந்தண்டை நகர்ந்துகொண்டே போயிற்று, மேற்கே தோண்டினால் கிழக்கே கேட்டது. கடைசியில் அலுத்துப்போய்க் கடப்பாரையைக் கீழே வைத்தார்கள். உலைக்கு வேண்டிய கல் விடிந்தால் தானாக வந்துகொண்டிருந்தது.

மனுஷனுக்கு எதுதான் பழகாது? ஆறு மாசத்தில் ஊருக்கு அது பழகிப்போயிற்று. ஏழு சம்மட்டியும் துவங்கினால் பால் கறப்பார்கள், ஓய்ந்தால் விளக்கேற்றுவார்கள். அமாவாசைக்குச் சத்தம் இருக்காது, "இன்னிக்கு அவங்களுக்கு லீவுல்ல," என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அந்த ஏழு பெண்களும் மஞ்சளும் குங்குமமுமாகச் சுமங்கலிகளாக நடமாடினார்கள். கல்யாண வீடுகளில் அவர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், இத்தனை கெட்டியான தாலி வேறு யாருக்கு இருக்கிறது என்று. அந்த ஏழு பேரில் ஒருத்தியான பாவாயிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "வெளிய இருந்தப்ப நாலு நாள் வேலை, மூணு நாள் கள்ளுக்கடை. இப்பப் பாரு, ஒருநாள் தப்பாம வேலைக்குப் போறான், ஒரு அடி உதை இல்ல. செத்தவனாட்டம் அடக்கமான புருஷன் யாருக்கு வாய்ப்பான்?" என்று குளத்தங்கரையில் சொல்லி மற்றவர்களையும் சிரிக்க வைப்பாள். சர்க்காரிலிருந்து தலைக்கணக்கு எடுக்க வந்த குமாஸ்தா, அந்த ஏழு வீட்டிலும் ஆம்பிளையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றான். ஊர் மணியக்காரர், "வேலைக்குப் போயிருக்காங்கன்னு எழுதிக்கய்யா, பொய்யில்லையே," என்றார். அவனும் காதை ஒருதரம் கரட்டுப் பக்கம் திருப்பிவிட்டு அப்படியே எழுதிக்கொண்டு போனான்.

நல்லாயிக்குப் பெண் பிறந்தது, தங்காயி என்று பெயர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கஞ்சிப் பானையோடு கரட்டுக்குப் போய், "உங்கப்பன் அடிக்கிறான் கேளு," என்று பாறையில் காதை வைத்துக் கேட்க வைப்பாள். தங்காயி நடக்கும்போது இரண்டு எட்டு வைத்து நின்று, அப்புறம் ஓர் எட்டு வைத்தது. ஊரில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்லாயி மட்டும் ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

முதலியார் பெரிய ஆளாகிப்போனார். ஏரி மதகுக்கும் பாலத்துக்கும் செங்கரட்டு இரும்பு போயிற்று, மெட்ராஸிலிருந்து துரைமார் வந்து இருபத்தெட்டு அடி உலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் படம் வரைந்துகொண்டு போனார்கள். கரிக்காகச் சுற்றுக்காட்டை எல்லாம் வெட்டினார், கரடு மொட்டையாகி வெள்ளாட்டுக்குக்கூட நிழல் இல்லாமல் போயிற்று. ஆனால் ஒன்று, அந்த ஏழு வீட்டுக்கும் அவர் குறை வைத்ததில்லை. மாசம் பிறந்தால் தானியம் வரும், கூடவே வீட்டுக்கு ஒரு மூட்டை உப்பு வரும். உப்புக்குச் சர்க்கார் வரி போட்டு, ஏழைபாழைகள் உப்புக்கல்லை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த காலம் பாருங்கள். "தங்கமான மனுஷன், உப்பு வரைக்கும் யோசிச்சுக் குடுக்கிறாரே," என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. நல்லாயியும் கும்பிட்டாள்.

பதினோராவது வருஷம் தாது வருஷம். வானம் பொய்த்தது, கிணறு வற்றியது, மாடு செத்தது, அப்புறம் மனுஷன் சாக ஆரம்பித்தான். ரோட்டோரம் விழுந்து கிடந்தவர்களை நாய் இழுத்தது, இழுக்கத் தெம்பில்லாமல் நாயும் விழுந்தது. அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது. துருத்தி மாடுகள் செத்துப்போன பிறகு மனுஷர்களே நுகத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு சுற்றினார்கள். முதலியார் இரும்பைச் சூரமங்கலம் ரயிலடிக்கு அனுப்பி, அதற்குப் பதிலாகப் பர்மா அரிசியை ஏற்றி வரச் செய்து, ஊருக்கெல்லாம் படி அளந்தார். சுற்று ஊர்களில் வீடுகள் வாய் பிளந்து கிடக்க, செங்கரட்டுப்பாளையத்தில் மட்டும் புகை எழும்பியது. உள்ளே ஏழு பேர் கல் உடைத்ததால் வெளியே நானூறு பேர் மூச்சு விட்டார்கள்.

ஒரு மாசம் வண்டி வரத் தாமதமாயிற்று, வீட்டில் உப்பு தீர்ந்துபோயிற்று. ஏழு வீட்டிலும் அதே கதி. வேறு வழி இல்லாமல் நல்லாயி காலையில் உப்பில்லாத கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தாள். வெயில் ஏற ஏறச் சத்தம் தளர்ந்தது. இரண்டு அடி விழுந்தது, நிறுத்தம் வந்தது, மூன்றாவது அடி வர வெகுநேரம் ஆயிற்று. அசந்துபோனவன் எங்கே இருக்கிறோம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. மத்தியான வெயிலில் முதலியார் ஓடி வந்தார். ஐம்பது வயசு, காலில் செருப்பில்லை, மேல்துண்டில் எதையோ முடிந்து நெஞ்சோடு அணைத்திருந்தார். "கஞ்சியில உப்புப் போட்டியா?" என்று கேட்டார். மூச்சு வாங்கியது.

"இல்லீங்க சாமி, தீந்துபோச்சு."

துண்டை அவிழ்த்தார். உப்பு. "இந்தா, உடனே இன்னொரு பானை காய்ச்சி உப்புப் போட்டுக் கொண்டுபோ, மத்தவங்களுக்கும் குடு. ஓடு," என்றார்.

நல்லாயி உப்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அரிசி இன்னும் வந்து சேரவில்லை, இந்த மனுஷன் உப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். பண்டாரம் அன்றைக்குச் சொன்னது காதில் வந்து விழுந்தது. பத்து வருஷத்துக்கு மேலாக மாசம் தவறாமல் வந்த உப்பு மூட்டைகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. போய்ச் சேர வேண்டிய மனுஷன் அந்தப் பத்தாம் நாள் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறான், அவனுக்கு உப்பை ஊட்டி மறுபடி வேலைக்கு அனுப்பியது தான்தான். அய்யோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்.

போடாமல் விட்டால் இன்றோடு அவனுக்கு விடுதலை. உள்ளே பாயில் தங்காயி படுத்திருந்தாள், வயிறு உப்பி, உதடு வெடித்து, ஈ உட்கார்ந்தால் ஓட்டத் தெம்பில்லாமல். கல் நின்றால் உலை நிற்கும், உலை நின்றால் அரிசி நிற்கும். நல்லாயி அடுப்பை மூட்டினாள். உப்பைப் போட்டாள். பத்து வருஷத்துக்கு மேல் தெரியாமல் போட்டவள், அந்தப் பஞ்சம் முடிகிற வரைக்கும் தெரிந்தே போட்டாள். ஒவ்வொரு நாளும் பானையை வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாளுய்யா, புள்ள எந்திரிச்சிரட்டும்," என்று பாறைக்குச் சொல்லிவிட்டு வருவாள்.

தங்காயி எழுந்தாள். மழையும் வந்தது. முதல் கம்பு அறுத்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு நல்லாயி ஆறு பெண்களையும் கூட்டிவைத்து விஷயத்தை உடைத்தாள். பாவாயி, "எனக்குத் தெரியும்டி. எப்பவோ தெரியும். வெள்ளைச் சீலை கட்டப் பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்," என்றாள். சிரிக்கவே தெரிந்த பாவாயி அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சொல்லாமல் செய்வது தப்பு என்று நல்லாயி முதலியாரிடம் போனாள். உலையடியில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். "நாளையில இருந்து உப்பு இல்லீங்க சாமி," என்றாள்.

அவர் எழுந்து நின்றார். "உலை உறைஞ்சிரும், நல்லாயி. வேற கல் இல்ல, உடைக்க ஆளும் இல்ல, பஞ்சத்துல சுத்துப்பட்டுல பாதிப் பேர் போயிட்டாங்க. இருபத்துநாலு வருஷம், புள்ள. எனக்கு வேற எதுவும் இல்ல. உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்?"

"எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. அவருக்குக் களைப்பு இருக்காதுங்களா? செத்த பிறகுமா ஒரு மனுஷன் கூலி வேலை பாக்கிறது?"

முதலியார் அவளைப் பார்க்காமல் உலையைப் பார்த்தார். பஞ்சம் அவரையும் உருக்கியிருந்தது, கன்னம் ஒட்டி, பல் நீண்டு தெரிந்தது. யாரிடமாவது இறக்கி வைத்தால் போதும் என்று இத்தனை வருஷம் சுமந்ததை அவளிடமா இறக்கி வைக்க வேண்டும்? வைத்தார். "ரெண்டாம் நாள் காது வச்சேன்ல. கேட்டுச்சு."

"என்னங்க கேட்டுச்சு?"

"ரெண்டு அடி. அப்புறம் நிறுத்தம். அப்புறம் ஒரு அடி. பக்கத்துலதான். பத்து ஆள் வச்சு அரைநாள் தோண்டியிருந்தா எடுத்திருக்கலாம். பத்து ஆளை எடுத்தா உலை போயிருக்கும். மூணாவது உலை, நல்லாயி." கட்டிலில் மறுபடி உட்கார்ந்து, "மூணாம் நாளும் போய்க் கேட்டேன். அன்னைக்கும் அடிச்சுக்கிட்டுதான் இருந்தான்," என்றார்.

நல்லாயி கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. பக்கத்தில் கிடந்த கரிக்கூடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், அப்புறம் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஏழு பானை உப்பில்லாத கஞ்சி போயிற்று. ஊரே கரட்டடியில் உட்கார்ந்து கேட்டது. வெயில் ஏறும்போது ஒரு சம்மட்டி நின்றது, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பாவாயியின் புருஷன் நின்றபோது, "போய்ட்டு வா ராசா, நீ குடிச்சதையும் அடிச்சதையும் மனசுல வச்சுக்கல," என்றாள். சாயங்காலம் சடையன் மட்டும் மிச்சம். இரண்டு அடி, நிறுத்தம், ஓர் அடி. இரண்டு அடி, நிறுத்தம், ஓர் அடி. அப்புறம் ஒன்றும் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பாதியில் நின்ற கருமாதியை அந்த இடத்திலேயே பண்டாரம் முடித்துவைத்தார், ஏழு தாலியும் பால் கிண்ணத்தில் விழுந்தது. முதலியார் கையிருப்புக் கல்லைப் போட்டு நாலு நாள் ஓட்டினார், தானே கூடை சுமந்தார், தானே நுகத்தில் தோள் கொடுத்தார். ஐந்தாம் நாள் உலை உறைந்தது. அன்றிலிருந்து அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை, உலைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவர் பதினெட்டாம் நாள் அப்படியே போய்விட்டார்.

எரிக்கலாமென்றால் கரடு மொட்டை, விறகுக்கு ஒரு மரம் இல்லை, எல்லாம் அவர் உலைக்குத்தான் போயிருந்தது. சுரங்க வாயிலேயே குழி வெட்டினார்கள். வாய்க்கரிசி போட உற்றார் உறவு ஒருத்தரும் இல்லை. "அவரு சோறு தின்ன ஊருதானே, யாராச்சும் போடுங்க," என்றார் மணியக்காரர். வெள்ளைச் சீலையில் நல்லாயி முன்னால் வந்தாள். அவள் மூடிய கைக்குள் அரிசியோடு உப்பும் இருந்ததைப் பாவாயி பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மூணு நாள் பொறுக்கச் சொன்னீங்களே சாமி. இப்ப நீங்க பொறுங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த வாயில் போட்டாள்.

மறுநாள் விடியலில் கரட்டுக்குள்ளிருந்து ஒற்றைச் சம்மட்டி கேட்டது. ஊருக்கு ஆள் யாரென்று தெரிந்துபோயிற்று, ஏனென்றால் அத்தனை கேடுகெட்ட அடி. கல்லை நக்கத் தெரிந்த கைக்குச் சம்மட்டி பிடிக்க வருமா? ஓர் அடி கல்லில், ஓர் அடி எங்கேயோ. நல்லாயி தினமும் உப்புப் போட்ட கஞ்சியைக் கொண்டுபோனாள். வருஷத்துக்கு வருஷம், பதினோரு வருஷம் ஊற்றுவேன் என்று சபதம் போட்டிருந்தாள். பானை காலியாகத் திரும்பியது, சுரங்க வாயில் கல் குவிந்தது, அதை எடுக்க ஆளில்லை, ஆடுகள் ஏறி விளையாடின. பண்டாரம் ஒருதரம், "போதும் விட்டுரு புள்ள," என்றார். "எனக்கு அவர் மேல ஒரு கோபமும் இல்லீங்க, வேலை கத்துக்கட்டும்," என்றாள் நல்லாயி. பொய்தான், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவளுக்குள் அந்தக் கோபம்தான் எரிந்தது. அது இல்லாவிட்டால் சத்தமில்லாத கரட்டைப் பார்த்துக்கொண்டு அவளால் ஒரு பொழுது தள்ளியிருக்க முடியாது.

மூன்றாவது வருஷம் ஆடி மாசத்தில் ஒருநாள் காலை, நல்லாயி பானையோடு கரட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். உள்ளே இரண்டு அடி விழுந்தது, சுத்தமாக, கல்லின் மேல். நல்லாயி தன்னை அறியாமல் நிமிர்ந்தாள். ஒரு மூச்சு நிறுத்தம். அப்புறம் ஒற்றை அடி. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.

அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனுஷனுக்கு வேறு எந்த அடி தெரியும்? இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பாறையில் காதை வைத்துக் கேட்டது அதைத்தான், பதினோரு வருஷம் உலையடியில் உட்கார்ந்து கேட்டதும் அதைத்தான். உலகத்தில் அந்த அடியை அவளைப்போலக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். அடிப்பது சடையன் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குச் சாயங்காலம் வரை கேட்டாள், மறுநாளும் கேட்டாள், ஏழு நாள் வீடு வாசல் மறந்து அங்கேயே கிடந்து கேட்டாள், சொல்ல வெட்கம், சந்தோஷமாகக் கேட்டாள். ஏழாம் நாள் தங்காயி தேடிக்கொண்டு வந்தாள். ஆளான பெண், பஞ்சத்தில் பிழைத்த பெண். பாறையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பாவாம்மா?" என்று கேட்டாள். நல்லாயி பாறையை விட்டு எழுந்தாள்.

"இல்ல கண்ணு. உங்கப்பன் போய்ட்டான்," என்றாள்.

மறுநாள் கஞ்சி காய்ச்சும்போது தங்காயி உப்புச் சட்டியை அம்மா பக்கம் நகர்த்திவைத்தாள். நல்லாயி அதை எடுத்து உறியில் வைத்துவிட்டுப் பானையைத் தூக்கினாள். கரட்டு வாயில் வைத்துவிட்டு, "சாப்பிட்டுப் போய்ட்டு வாங்க," என்றாள், அவருக்கா சடையனுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. வெயில் ஏறியது, அடி தளர்ந்தது. சாயங்காலம் இரண்டு அடி விழுந்தது. நிறுத்தம் வந்தது. நல்லாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது அடிக்குக் காத்திருந்தாள், வெயில் முழுக்கத் தாழ்கிற வரைக்கும் காத்திருந்தாள். அது வரவில்லை. காலிப் பானையை எடுத்துக்கொண்டு, இரண்டாந்தரமும் தாலியறுத்தவளாக வீட்டைப் பார்த்து நடந்தாள்.